காலிப் படிவத்தின் கனம்

பதினான்கு பக்கம். பக்கம் முழுக்கக் கட்டங்கள். கட்டங்களுக்குள் சாம்பல் நிறத்தில், இங்கே சொடுக்கி எழுதவும் என்று சொல்லும் ஒரே ஆங்கில வரி திரும்பத் திரும்ப. யாரும் இன்னும் ஓர் எழுத்தும் இடவில்லை. ஆசிரியர்கள் ஆண்டுக்கொரு முறை நிரப்பித் தரவேண்டிய தன்மதிப்பீட்டுப் படிவம் அது. மார்ச் மாத வெயிலோடு சேர்ந்து மின்னஞ்சலில் வரும், வேர்ட் ஃபைலாக. இருமுறை தட்டினால் நீல வளையம் சுற்றத் தொடங்கும். மின்விசிறி கடகடக்கும், பக்கத்து அறையில் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம் கேட்கும், தலைப்புப் பட்டையில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்து மறையும். ஐம்பது விநாடி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோலக் காலிக் கட்டங்கள் வந்து நிற்கும். அந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருப்பவருக்கு ஐம்பது விநாடி ஒரு பெரிய விஷயமல்ல. அதைவிட நீளமான காத்திருப்புகளில் சம்பளம் வாங்குகிறவர் அவர். அதே கணினியில் முந்நூறு பக்க முனைவர் பட்ட ஆய்வேடு இரண்டு விநாடியில் திறந்துகொள்கிறது என்பதுதான் அவரை உறுத்தியது. நிறைந்து கிடப்பது சட்டென்று வருகிறது. காலியாக இருப்பது வர மறுக்கிறது. எழுத்தே இல்லாத காகிதத்துக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு கனம்?

முதலில் பழி மெஷின்மேல்தான் விழும். “சிஸ்டம் பழசு சார்” என்பது எல்லா அலுவலகங்களிலும் புழங்கும் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. நான்கு ஜிபி நினைவகம் எட்டு ஆனது. ஐம்பது விநாடி ஐம்பதாகவே இருந்தது. அடுத்து வைரஸ் தடுப்பு மென்பொருள்மீது சந்தேகம். அதை நிறுத்திப் பார்த்தபோது இரண்டு விநாடி குறைந்தது, அதுவும் பிரமையாக இருக்கலாம். ஃபைலின் அளவைப் பார்த்தார்: ஆறு எம்பிக்குக் கொஞ்சம் மேல். காலிப் படிவத்துக்கு அது அதிகம்தான், ஆனால் ஆறு எம்பி ஒரு வாட்ஸ்அப் வீடியோ. அதைப் படிக்க இந்தக் காலத்துக் கணினிக்கு ஐம்பது விநாடி ஆகாது. அப்படியானால் அது படித்துக்கொண்டிருக்கவில்லை, வேறெதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசம் அவருக்கு உறைத்தது ஒரு பிற்பகலில், வேறு வேலைக்காக லேன் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தபோது. தற்செயலாக அந்தப் படிவத்தைத் தட்டினார். ஐந்தாறு விநாடியில் திறந்துவிட்டது. ஒயரைச் செருகித் திரும்பத் தட்டினார். ஐம்பது விநாடி. மறுபடி பிடுங்கினார். ஐந்தாறு விநாடி.

டாக்ஸ் அல்லது டாக்எம் என்று முடியும் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. 2007 வேர்டிலிருந்து அப்படித்தான். பெயரின் வாலை மட்டும் மாற்றினால் மூட்டை பிரிந்து உள்ளே சிறுசிறு ஃபைல்கள் தெரியும்: எழுத்து ஒன்றில், நடை ஒன்றில், படங்கள் ஒரு பையில், அமைப்புகள் இன்னொன்றில். அமைப்புகளுக்குத் துணையாக இருக்கும் ஒரு துண்டு ஃபைலில், இரண்டு பின்சாய்கோடுகளில் தொடங்கும் ஒரு முகவரி இருந்தது. இந்தப் படிவம் எந்த வார்ப்பிலிருந்து, அதாவது எந்த டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்ததோ அது இருக்கும் இடம். அந்த முகவரியிலிருந்த சர்வர் ஒரு காலத்தில் அலுவலக அறையின் மூலையில், மேலே துளசிமாலை போட்ட சாமி படத்துக்குக் கீழே, ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பழுதாகி, பழைய இரும்போடு எடைக்குப் போய்விட்டது. படிவத்துக்கு அது தெரியாது. திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாகத் தன் தாயைத் தேடிப் போகிறது. வலைப்பின்னலில் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறது, ஒரு வழியில் பதில் இல்லையென்றால் வேறு வழியில் கூப்பிடுகிறது, யாராவது குரல் கொடுப்பார்களா என்று காத்திருக்கிறது, நேரம் தீர்ந்ததும் கைவிட்டுவிட்டுக் கட்டங்களைக் காட்டுகிறது. ஒயரைப் பிடுங்கியபோது வேகம் வந்ததற்குக் காரணம் இதுதான்: வலைப்பின்னலே இல்லையென்றால் தேடவும் இடமில்லை. ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திறந்தாலும் அந்தப் பெயரை அது அங்கேயும் கூப்பிடும், அவர் வீட்டு வைஃபையில்.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. டெவலப்பர் பட்டையில் டாக்குமென்ட் டெம்ப்ளேட் என்ற பொத்தானை அழுத்தி, பழைய முகவரியை அழித்து, எல்லாக் கணினியிலும் இருக்கிற நார்மல் வார்ப்பின் பெயரை இடவேண்டியதுதான். வேர்டோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல; ஃபைல் திறக்க நேரமானால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த ஒரு நிமிட வேலையை அத்தனை ஆண்டுகளாக யாரும் ஏன் செய்யவில்லை என்பது ஒரு நிமிடத்தில் முடிகிற கேள்வி அல்ல. படிவத்தை உருவாக்கியவர் அதை ஒருமுறை திறந்து, வருடத்தை மாற்றி, அனுப்பிவிடுகிறார். அவருக்கு நஷ்டம் ஐம்பது விநாடி. நிரப்புகிறவர்கள் நூற்றிருபது பேர். ஒருவர் ஒரே உட்காரலில் பதினான்கு பக்கத்தை முடிப்பதில்லை. சான்றிதழைத் தேட எழுந்துபோவார், தேதி மறந்துவிடும், மூடிவிட்டு மறுநாள் திறப்பார். ஆளுக்குப் பத்துமுறை என்று வைத்தால், ஆண்டுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல். அது ஒருவருடைய பதினாறு மணி நேரமாக இருந்திருந்தால் இந்நேரம் ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள். நூற்றிருபது பேரிடம் சில்லறையாகச் சிதறிக் கிடப்பதால் அதற்குக் குரல் இல்லை. சிலருக்கு அது இழப்பாகக்கூடத் தோன்றவில்லை. “தட்டி விட்டுட்டு டீ சாப்பிட்டு வந்துடுவேன் சார், வந்தா ரெடியா இருக்கும்” என்றார் வேதியியல் துறைக்காரர் ஒருவர். அவரிடம் என்ன சொல்வது?

காத்திருப்பை அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் மில்லர் 1968-இலேயே மனிதனும் கணினியும் பேசிக்கொள்ளும்போது இடையில் எத்தனை விநாடி மௌனம் தாங்கும் என்று எழுதினார். 1993-இல் யாக்கோப் நீல்சன் அதை மூன்று எண்களாகச் சுருக்கினார்: பத்தில் ஒரு விநாடிக்குள் வந்தால் உடனே நடந்ததுபோல இருக்கும், ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது, பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஐம்பது விநாடியில் போன கவனம் எங்கே போகிறது என்று அந்த எண்கள் சொல்வதில்லை. டேவிட் மைஸ்டர் 1985-இல் வரிசையில் நிற்பதன் உளவியலைப் பற்றி எழுதியது இதற்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் ஏன் என்று விளக்கப்படாத காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்றார் அவர். நீல வளையம் இரண்டையுமே செய்கிறது. எத்தனை விநாடி என்று சொல்வதில்லை. எதற்காக என்றும் சொல்வதில்லை. எடைக்குப் போன சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால் முதல் ஆண்டே யாராவது சிரித்துவிட்டுச் சரிசெய்திருப்பார்கள்.

தாயைத் தேடும் அந்த வழக்கத்தை அறுத்த பிறகு படிவம் ஐந்தாறு விநாடியில் திறந்தது. மற்ற எல்லோருக்கும் அது போதும். டெக்னீஷியனுக்குப் போதவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தவருக்கு மூடிவைக்க மனம் வராது. எழுத்து இருக்கும் ஃபைலுக்குள் போனால், அரை வரிக்கு அரை வரி ஆர்எஸ்ஐடி என்ற எழுத்துகளோடு எட்டு இலக்கக் குறியீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபைலைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு அமர்வுக்கும் வேர்ட் தானே ஒரு எண் கொடுத்து, அந்த அமர்வில் தொட்ட இடங்களில் ஒட்டிவைக்கிறது. பிற்பாடு இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு இணைக்க உதவும் என்பது நோக்கம். ‘பணியில் சேர்ந்த நாள்’ என்ற மூன்று சொல் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. மூன்று வெவ்வேறு அமர்வுகளில் யாரோ தொட்டிருக்கிறார்கள். திரையில் அது ஒரே தொடராகத்தான் தெரியும். தெருவில் சிமென்ட் போட்ட இடத்தில் பழைய தார் தெரிவதுபோல, உள்ளே ஒட்டு தெரிந்தது.

இந்த மறக்காத குணம் வேர்டின் பிறவியிலேயே உண்டு. 1974-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் பிராவோ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். (தமிழ்நாட்டில் நகலெடுக்கும் கடைக்கே ஜெராக்ஸ் கடை என்று பெயர். அந்தப் பெயர்கொண்ட நிறுவனத்தில்தான் நகல் எடுத்து நகல் எடுத்து வீங்கும் ஃபைலின் முன்னோரும் பிறந்தார் என்பதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.) மூல எழுத்தைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, எங்கே எது செருகப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று துண்டுகளின் பட்டியல் ஒன்றை மட்டும் பராமரிப்பது அதன் உத்தி. சிமோனி மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனார், 1983-இல் வேர்ட் வந்தது, துண்டுப் பட்டியலும் கூடவே வந்தது. பிற்காலத்தில் அவர் சொந்தக் காசில் இரண்டுமுறை விண்வெளிக்குப் போய்வந்தார். துண்டுப் பட்டியல் மேசைகளில் தங்கிவிட்டது. பழைய வேர்டில் வேகச் சேமிப்பு என்ற வசதி ஒன்று இருந்தது. முழு ஃபைலையும் திரும்ப எழுதாமல் மாற்றங்களை மட்டும் வாலில் ஒட்டும். சேமிக்கிறவருக்கு வேகம். திறக்கிறவருக்கு, அழித்ததாக நினைத்த வாக்கியங்களையும் சுமந்த ஃபைல். பிறகு அந்த வசதி கைவிடப்பட்டது. ஒருவருடைய வேகம் இன்னொருவருடைய தாமதமாக மாறும் கணக்கு கைவிடப்பட்டதாகத் தெரியவில்லை.

ஞாபகம் அரசுகளையும் மாட்டிவிட்டிருக்கிறது. 2003 பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் அலுவலகம் ஈராக் பற்றிய ஓர் ஆவணத்தை வேர்ட் ஃபைலாகவே தன் இணையதளத்தில் ஏற்றியது. கடைசிப் பத்துமுறை அந்த ஃபைலைச் சேமித்தவர்களின் பெயர்களையும் சேமித்த இடங்களையும் வேர்ட் உள்ளே எழுதிவைத்திருந்தது. தோண்டியவர்களுக்கு அவை கிடைத்தன. ஆவணத்தின் பெரும்பகுதி ஒரு மாணவரின் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஏற்கெனவே அம்பலமாகியிருந்தது. யார் யார் கை பட்டது என்பதை ஃபைலே சொல்லிவிட்டது. கல்லூரிப் படிவத்தில் அப்படிப்பட்ட ராஜ ரகசியம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்று இருந்தது.

முதல் பக்கத்தின் தலையில் கல்லூரியின் சின்னம். கட்டைவிரல் அளவு. அது மட்டும் ஆறு எம்பியில் பெரும்பங்கை விழுங்கியிருந்தது. யாரோ பழைய லெட்டர்ஹெட் ஒன்றை ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில் முழுத்தாளையும் எடுத்து, வேர்டுக்குள் ஒட்டி, சின்னம் மட்டும் தெரியும்படி ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். வேர்டில் படத்தை வெட்டுவது கத்தரிக்கோல் வேலை அல்ல, திரை போடுகிற வேலை. வெட்டுப்பட்ட பகுதி மறைகிறதே தவிர, போவதில்லை. ஏ4 தாள் 600 டிபிஐயில் 4,960-க்கு 7,016 புள்ளிகள், அதாவது கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் என்றால், விரித்துப் போடும்போது நினைவகத்தில் 10 கோடி பைட்டுக்கு மேல். கட்டைவிரல் அளவு சின்னத்துக்காக ஒரு முழுத்தாளைக் கணினி ஒவ்வொரு முறையும் விரித்து மடித்துக்கொண்டிருந்தது. படத்தை அழுத்தி, வெட்டிய பகுதிகளை நீக்கு என்று சொன்னால் போதும். சொல்வதற்கு முன் அவர் ஒருமுறை திரையை விலக்கிப் பார்த்தார். லெட்டர்ஹெட் வெற்றுத்தாளாக இல்லை. சின்னத்துக்குக் கீழே யாருக்கோ கொடுக்கப்பட்ட மெமோ ஒன்று, தேதியோடும் கையெழுத்தோடும், முழுதாக இருந்தது. பெயர் இருக்கும் வரிக்குக் கண் போவதற்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டார், அல்லது திருப்பிக்கொண்டதாகப் பின்னால் சொன்னார். அந்த மெமோ ஆண்டுதோறும் நூற்றிருபது பேருக்கு மின்னஞ்சலில் போய்க்கொண்டிருந்தது. அதை வாங்கியவர் இன்னும் பணியில் இருந்தால், அவருக்கும் போயிருக்கும். தன் மெமோவின்மேலேயே அவர் தன் சாதனைகளை நிரப்பி அனுப்பியிருப்பார்.

மூட்டையில் மிச்சம் இருந்தவை இவ்வளவு நாடகத்தனமானவை அல்ல. ஆனால் தினசரி தாமதம் அவற்றில்தான் இருந்தது. மாவட்டப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். வேர்டின் பழைய படிவக் கருவிகளில், கீழே விரியும் பட்டியல் ஒன்றில் 25 பெயர்தான் அடங்கும். அமெரிக்காவில் எழுதப்பட்ட மென்பொருள். அமெரிக்காவின் 50 மாநிலங்களே அதில் அடங்காது. வேடிக்கை என்னவென்றால், 1987-இல் கோவா மாநிலமானதிலிருந்து 2000 வரை இந்தியாவில் இருந்தவை சரியாக 25 மாநிலங்கள். யூனியன் பிரதேசங்களை மறந்துவிட்டால் இங்கே மட்டும் அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். 2007-இல் கன்டென்ட் கன்ட்ரோல் என்ற புதுக்கருவி வந்தபோது அந்த எல்லை போயிற்று. 2020 இறுதியில் மயிலாடுதுறையோடு 38 ஆகிவிட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களை ஒரே பட்டியலில் வைக்கலாம். வைத்தார்கள். கலந்துகொண்ட கருத்தரங்குகள் என்ற அட்டவணையில் அறுபது வரிசை, வரிசைக்கொரு மாவட்டப் பட்டியல். ஒரு வரிசையைச் செய்து, மீதி ஐம்பத்தொன்பதையும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டியலும் தன் 38 பெயரையும் தன்னோடேயே வைத்துக்கொள்கிறது, காட்டும் பெயராக ஒருமுறை, மதிப்பாக இன்னொருமுறை. ஆக மொத்தம் 4,560 முறை மாவட்டங்களின் பெயர். எந்த ஆசிரியரும் ஓர் ஆண்டில் அறுபது கருத்தரங்குக்குப் போவதில்லை. நான்கு, மிஞ்சினால் ஆறு. மீதி ஐம்பத்துச் சொச்சம் வரிசைகள், ஒருவேளை யாராவது போனால் என்ற பயத்துக்காக. 2013 வேர்டிலிருந்து, ஒரே வரிசையை வைத்துவிட்டுத் தேவைப்பட்டால் நிரப்புகிறவரே அடுத்த வரிசையைப் பெருக்கிக்கொள்ளும் கருவி இருக்கிறது. ஆனால் காலி வரிசைகளைப் பார்த்தால்தான் படிவம் கனமாக, மரியாதையாக இருக்கிறது என்று நினைக்கும் மனம் ஒன்று உண்டு. கல்யாணப் பந்தியில் சாப்பிட முடியாத அளவுக்கு இலையில் வைப்பதுபோல.

அட்டவணைக்குள் அட்டவணை வைத்திருந்தார்கள், அதற்குள்ளும் ஓர் அட்டவணை. உள்ளடக்கத்துக்கு ஏற்ப அகலத்தை மாற்று என்ற அமைப்பு மூன்றிலும் திறந்தே இருந்தது. அப்படி இருந்தால் ஓர் எழுத்து அடித்தாலும் வேர்ட் உள்ளிருந்து வெளிவரை ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி அளக்கும். தட்டச்சு செய்யும்போது எழுத்து ஒரு கணம் தயங்கி வருவது அதனால்தான். அகலத்தை நிலையாக வைத்தால் தயக்கம் போகும். அடிக்குறிப்பில் ‘பக்கம் 1 / 14’ என்று இருந்தது. மொத்தம் எத்தனை பக்கம் என்று முதல் பக்கத்தில் எழுத, பதினான்காவது பக்கம்வரை முடித்துவிட்டு வரவேண்டும். இதோடு பிரிண்டர். வேர்ட் ஒரு தாளைத் திரையில் அமைக்கும்போது, இது அச்சில் எப்படி அமையும் என்று இயல்புப் பிரிண்டரிடம் கேட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளது. ஆய்வகத்தின் இயல்புப் பிரிண்டர் இன்னொரு கட்டடத்தில், மாலை ஐந்துக்குமேல் அணைந்து கிடப்பது. ஐந்து மணிக்குமேல் படிவம் இன்னும் மெதுவாகிறது என்று தமிழ்த்துறைக்காரர் ஒருவர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் நம்பவில்லை. அவர் சொன்னது சரி.

தமிழ் எழுத்தும் தன் பங்குக்கு எடை சேர்த்திருந்தது. படிவத்தின் பாதித் தலைப்புகள் பழைய எட்டு பிட் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். அதற்குப் பயந்து யாரோ எழுத்துருவையே ஃபைலுக்குள் பொதித்துவிட்டார்கள். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றாகிவிட்டது. விண்டோஸில் லதா 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் படிவங்கள் அரசாணையைப் பின்பற்றுவதில்லை. முந்தைய படிவத்தைப் பின்பற்றுகின்றன. அந்தத் தலைப்புகளை யூனிகோடில் திரும்பத் தட்டும்போது டெக்னீஷியன் ஒன்றைக் கவனித்தார். ‘பணிமூப்பு’ என்பது ஒரு பக்கத்தில் ‘பணிமுப்பு’ என்று இருந்தது. அந்தப் பிழையும் ஆண்டுதோறும் பத்திரமாக நகலெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. படிவத்தை யாரும் படிப்பதில்லை, நிரப்புகிறார்கள் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இதையெல்லாம் சரிசெய்யப் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. நிரப்பும் இடங்களைத் தவிர வேறெங்கும் கைவைக்க முடியாதபடி படிவம் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது பூட்டல்ல, கதவில் கட்டிய நூல். வேர்டின் இந்தப் பாதுகாப்பு எழுத்தை மறைகுறியாக்குவதில்லை. மூட்டையைப் பிரித்தவருக்கு அது அமைப்புகளில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியின்மேல் கர்சரை வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முடியும் என்பதற்காகச் செய்யலாமா என்பது நியாயமான சந்தேகம்தான். இது யாருடைய படிவம்? அனுப்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறார்கள், அவர்களுக்கும் கடவுச்சொல் தெரியாது. பூட்டியவர் ஓய்வுபெற்ற சூப்பிரண்டு. கடைசியில் அவருக்கே போன் போட்டார்.

“அதா? என் பழைய ஸ்கூட்டர் நம்பர் போட்டுப் பாருங்க தம்பி. சின்ன எழுத்துல.”

முதல் முயற்சியிலேயே திறந்தது. ஸ்கூட்டரை விற்றுப் பத்து வருடம் ஆகிறதாம். “அந்த ஃபார்ம் இன்னுமா ஓடுது?” என்று கேட்டார் பெரியவர். குரலில் இருந்தது பெருமையா கூச்சமா என்று டெக்னீஷியனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தான் அதைப் புதிதாகச் செய்யவில்லை என்றும், தனக்கு முன் இருந்தவர் கொடுத்ததில் இரண்டு பக்கம் சேர்த்ததாகவும் அவர் சொன்னார். முன் இருந்தவர் எங்கிருந்து எடுத்தாரோ. எந்த அலுவலகத்திலும் படிவத்தை யாரும் செய்வதில்லை. போன வருடப் படிவம் இந்த வருடப் படிவமாகிறது. வருடத்தை மாற்றுகிறவருக்கு ஒரு கட்டத்தை நீக்கும் அதிகாரம் இல்லை, சேர்க்கச் சொன்னால் சேர்க்கலாம். எனவே படிவம் ஒரே திசையில்தான் போக முடியும். மெதுவாகிறது என்று எல்லோரும் சொல்லும் சங்கதி, அடுக்கி அடுக்கி ஏறிய முடிவுகளின் உயரம். அவற்றில் எதையும் எடுத்தவர் பெயர் எங்கும் இல்லை.

டெக்னீஷியன் புதிதாகவே செய்தார், வெற்று வேர்ட் பக்கத்திலிருந்து தொடங்கி. பழையதிலிருந்து எழுத்தை மட்டும் நோட்பேட் வழியாக வடித்துக் கொண்டுவந்தார். நேராக ஒட்டினால் பழைய நடைகளெல்லாம் தொற்றிக்கொள்ளும். ஆம், இல்லை என்ற வட்டப் பொத்தான்கள் ஆக்டிவ்எக்ஸில் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே உயிர்பெறும் குட்டி நிரல், அறுபதுக்கு மேல். அண்மைய ஆஃபீஸ் பதிப்புகளில் அவை பாதுகாப்புக் கருதி இயல்பாகவே முடக்கப்பட்டும் விட்டன. அவற்றை எடுத்துவிட்டுச் சாதாரணத் தேர்வுப்பெட்டிகளை வைத்தார். அறுபது வரிசை ஒன்றானது. மாவட்டப் பட்டியலை நீக்கி, எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டார். மதிப்பெண்களைக் கூட்டும் மேக்ரோ ஒன்றின்மேல் மட்டும் கை தயங்கியது. அதை எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் கூட்டல் சரியாக இருந்தது, இரண்டு இடங்களில் நுட்பமாகவும் இருந்தது. இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோக்களை 2022 முதல் ஆஃபீஸ் இயல்பாகத் தடுக்கிறது. எனவே மின்னஞ்சலில் வரும் படிவத்தில் அது பெரும்பாலும் ஓடியிருக்காது, ஆசிரியர்கள் கையால்தான் கூட்டியிருப்பார்கள். யாருக்கும் பயன்படாமல் ஒரு நல்ல கூட்டல் உள்ளே கிடந்தது. அதையும் எடுத்தார், தனியே ஒரு ஃபைலில் பத்திரப்படுத்திவிட்டு. புதிய படிவம் 90 கேபி. தட்டினால் வருகிறது.

இதை ஏன் வேர்டில் வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும், கூகுள் ஃபார்மில் போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பது எளிது. இளம் ஆசிரியர்கள் கேட்கவும் கேட்டார்கள். ஆனால் இந்தப் படிவத்தை அச்சிட்டு, துறைத் தலைவர் பச்சை மையில் ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி, சுருக்குக் கயிறு போட்ட கோப்பில் சேர்க்க வேண்டும். திரையில் நிரப்பப்படும் ஒன்று கடைசியில் தாளாகத்தான் வாழப்போகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே நிற்கிற வேர்ட்தான் தோது. அரைகுறைப் பொருத்தம்தான், ஆனாலும் பொருத்தம். வேகத்துக்காகத் தாளை ஒழிப்பது வேறொருவர் எடுக்கவேண்டிய முடிவு. அவரிடம் ஸ்கூட்டர் நம்பரும் கிடையாது.

புதிய படிவத்தை அனுப்பி மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து போன். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தார்.

“சார், அந்தப் பழைய ஃபார்ம் உங்ககிட்ட இருக்கா? புதுசுல கையெழுத்துப் போடற இடம் கொஞ்சம் மேல ஏறிடுச்சாம். பிரின்சிபல் பழசே இருக்கட்டும்னுட்டாரு.”

அவர் பழையதைத் தேடி எடுத்தார். அறுபது வரிசையும் அப்படியே, மாவட்டங்கள் அப்படியே, ‘பணிமுப்பு’ அப்படியே. படத்தைப் பிடித்து வெட்டிய பகுதியை நீக்கினார். டெம்ப்ளேட் முகவரியை அழித்து நார்மல் என்று போட்டார். வேறெதையும் தொடவில்லை. அனுப்பிவிட்டுச் சாப்பிடக் கை கழுவப் போனவரை போன் திரும்பக் கூப்பிட்டது.

“சார், இது நம்ம ஃபார்ம்தானா? தட்டுன உடனே திறந்துடுச்சு. வேற ஏதும் மாத்தி அனுப்பிட்டீங்களோன்னு பாத்தேன்.”